நான் எழுதிய ஞாபகம்

என் வழியனுப்பு விழாவில் பேசச் சொன்னார்கள். எழுந்து மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் இந்த அச்சகத்தில் ஊரார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரி எழுதிக் கொடுத்தவளுக்குத் தன் விழாவில் இரண்டாவது வரி கிடைக்கவில்லை. பின்வரிசையில் இருந்து மெஷின்காரர் சிரித்தது எனக்கும் கேட்டது. கடைசியில் முதலாளிதான், வாயால் வராவிட்டால் எழுதிக் கொடு, புதிதாக வந்திருக்கும் மூன்று பேரும் படிக்கட்டும் என்றார். அந்த மூன்று பேர் நீங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும் படித்தவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்து மூன்று வயதிலேயே நின்றுகொள்கிறேன். மூளையைப் பற்றிப் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதும்போது என் தலைக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் ஓரளவு தெரியும். அதைச் சொல்கிறேன்.

கீழவீதிக்குப் பின்னால் நம் பிரஸ் இருக்கும் சந்தில் எனக்கென்று ஒரு பிளைவுட் தடுப்பு உண்டு. நானே கேட்டு வாங்கியது. முன்னால் கவுன்ட்டரில் வாடிக்கையாளர் முதலாளியிடம் பேசுவார். நான் தடுப்புக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே எழுதுவேன். யார் எழுதுகிறார் என்று கேட்டால் முதலாளி, "உள்ள ஒருத்தர் இருக்காரு" என்று சொல்லிவிடுவார். என் முகம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்தது இது. ஒரு மாப்பிள்ளையின் கிரிக்கெட் நண்பர்கள் வாழ்த்து மடல் கேட்டு வந்தார்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு பெண்ணின் மாமன் மகன்கள் வந்து அதேபோல ஒன்று கேட்டார்கள். இரண்டும் ஒரே கல்யாணத்துக்கு என்பதை நான் கவனிக்கவில்லை. மேடையில் கிரிக்கெட் நண்பர்கள் தங்கள் மடலைப் படித்து முடித்தார்கள். அடுத்து மாமன் மகன் தன் மடலைப் பிரித்தார். அதே நாலு வரி. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் மட்டும் இடம் மாறியிருந்தன.

"என்னா மச்சான், எங்குளுத பாத்து எழுதிட்டியா?" என்று நண்பர்களில் ஒருவர் மைக்கிலேயே கேட்டிருக்கிறார். மாமன் மகன் அசரவில்லை. "நாங்க காசு குடுத்து எழுதுனது மாமா. நீங்க யாராண்ட சுட்டீங்க?" மண்டபமே சிரித்ததாம். மறுநாள் காலையில் இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து நம் கடை வாசலில் வந்து நின்றது. முதலாளி இரண்டு பேர் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். நான் தடுப்புக்குப் பின்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் பழைய மடலைப் பார்த்து அடிக்கவில்லை. இரண்டு தடவையும் புதிதாகத்தான் யோசித்தேன். இரண்டு தடவையும் அந்த வரி வந்தபோது அடடா, கிடைத்துவிட்டது என்று ஒரு சந்தோஷம் வந்தது. என்னை வெகுநாள் உறுத்தியது அந்தச் சந்தோஷம்தான். தேய்ந்த வரியைக் கொடுக்கும்போதும் புது வரியைக் கொடுக்கும்போதும் மூளை ஒரே மாதிரி முதுகில் தட்டிக் கொடுக்கிறது. எது எதுவென்று அது நமக்குச் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். யாரோடும் அதிகம் பேசாத ஆள். "மெஷின ஓட்டுனா மொத இருபது தாளு வேஸ்ட்டு. மையி ஒக்காரணும். அதத் தூக்கி யாராவது கஸ்டமருக்குக் குடுப்பாங்களாக்கா?" என்றார். போய்விட்டார்.

அன்றிலிருந்து முதலில் வருகிற வரிகளை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுவேன். அடித்துத் திருத்துவதில்லை, திட்டுவதும் இல்லை. அவை வெளியே போனால்தான் அடுத்தது வரும். இப்போது நீங்கள் கைபேசியில் கேட்டால் நொடியில் பத்து வரி வந்து விழுகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மூளையும் பல வருடம் அந்த வேலையைத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக.

இன்னொரு பழக்கம், நீங்கள் மூன்று பேரும் பார்த்துச் சிரித்தது. மானிட்டரை அணைத்துவிட்டு அடிப்பேன். எழுதுகிறவளும் திருத்துகிறவளும் என் தலைக்குள் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடுவார்கள். எழுத்து திரையில் தெரிந்தால் திருத்துகிறவள் உடனே வந்து உட்கார்ந்துவிடுவாள். திரை கறுப்பாக இருந்தால் அவளுக்கு வேலை இல்லை. பத்து நிமிடம் கழித்து மானிட்டரைப் போட்டு அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வராத வரியைத் துரத்தவும் வேண்டாம். காலையில் கடலூரிலிருந்து நான் வரும் பஸ்ஸில் சிப்காட் நிறுத்தத்தில் ஷிப்ட் ஆட்கள் இறங்கியதும் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைக்கும். முதல் நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் வராத வரி, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பழகினால் உங்களுக்கும் வந்துவிடும். இனி சொல்லப்போவது அப்படியில்லை.

ஒரு நாள் ஒரு பெரியவர் முதலாமாண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார். இறந்தது அவர் தம்பி, லாரி டிரைவர். லோடு இறக்கப்போன ஊரிலேயே மாரடைப்பு. தம்பி மனைவி பண்ருட்டியில் முந்திரி கம்பெனியில் வேலை செய்கிறார், ஒரே மகள் இங்கே சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள், மகள் சொல்வது போல வரி இருக்க வேண்டும் என்றார். தம்பியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டதற்கு, "நல்ல மனுசன். நீங்களே நல்லா எழுதிடுங்க" என்றார்.

ஆனித் தேர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சந்து முனையில் நின்று நான் பார்த்த கூட்டம் கண்ணிலேயே இருந்தது. அப்பாக்களின் தோளில் குழந்தைகள். எழுதினேன்.

தேர் பார்க்கத் தோளில் தூக்கிய அப்பா,
தெருவெல்லாம் தேடுகிறேன், உயரம் குறைந்தவளாய்.

முதலாளி படித்துவிட்டுத் தாளைப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார். எனக்கும் நல்ல வரி எழுதிவிட்ட நிறைவு. இது மெஷின்காரர் சொன்ன வேஸ்ட்டுத் தாள் இல்லை, நிச்சயமாகப் புதிது. பெரியவர் தேர் விஷயத்தைச் சொல்லித்தான் நான் எழுதினேன் என்று இரண்டு நாளில் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். தடுப்புக்குப் பின்னால் பாதிதான் காதில் விழும். மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். கேட்டது எது, நிரப்பியது எது என்று மறுநாள் பிரிக்க முடியாது. இரண்டையும் அது ஒரே டப்பாவில் போட்டு மூடிவைக்கிறது.

ஒரு வருடம் கழித்து, ஒரு மத்தியான நேரம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கவுன்ட்டரில் ஒரு பெண் குரல், இங்கே எழுதுகிறவர் யார் என்று கேட்டது.

"அக்கா உள்ள இருக்காங்க. வெளிய வர மாட்டாங்க. நீங்க சொல்லுங்க, கேக்கும்" என்றார் மெஷின்காரர். சாமி சன்னதியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பெண் தடுப்புக்கு அருகில் வந்து நின்றார். பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது. விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து காய்த்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அதன் எண்ணெய் பட்ட கை. கையில் நாலைந்து கண்ணாடி வளையல். போன வருடம் யாருக்குப் போஸ்டர் அடித்தோமோ அந்த டிரைவரின் மனைவி என்று சொன்னார்; கணவர் போன பிறகும் வளையலைக் கழற்றவில்லை. இரண்டாம் வருடத்துக்குப் பெரியவர் மறுபடி வருவார், அந்தத் தேர் வரியை மட்டும் இந்தத் தடவை போட வேண்டாம் என்றார்.

ஏன் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"அந்தத் தோளு என்னுதும்மா."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.

மகளுக்கு நாலு வயது இருக்கும்போது பண்ருட்டியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு தேருக்கு வந்திருக்கிறார். கணவருக்கு அன்று லோடு. கூட்டத்தில் குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கீழவீதியில் நின்றிருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் அந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை. பொதுவாக ஒரு வரி எழுதினேன், அது போய் ஒரு உண்மையான நாளின் மேல் உட்கார்ந்துவிட்டது. சுவரில் படித்த மகளுக்குத் தேர் ஞாபகம் இருந்தது, தோள் ஞாபகம் இருந்தது. தோள் அப்பாவுடையது என்று என் வரி சொல்லிக் கொடுத்துவிட்டது.

"இப்ப எதுனா பேச்சு வந்தா, அப்பா என்னத் தூக்கினு போயி தேரு காட்டுனாரு, நீ ஒரு நாளாவது கூட்டினு போனியான்னு கேக்குறா. நான் என்னான்னு சொல்றது? அவரு கெட்டவரு இல்லம்மா. ஊட்ல இல்லாதவரு, அவ்ளோதான்."

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நான் மெல்லக் கேட்டேன்.

"அப்பான்னு அவகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அத நான் புடுங்கக் கூடாது. திரும்ப செவுத்துல ஒட்டாம இருந்தாப் போதும். நான் வந்தேன்னும் சொல்லிடாதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. எழுத்துப் பிழை என்றால் அடித்துத் திருத்தலாம். ஒரு தாயின் தோளை எடுத்து வேறொருவர் கழுத்துக்குக் கீழே ஒட்டிவிட்டேன், அதை எங்கே போய்த் திருத்துவது?

பெரியவருக்காகக் காத்திருந்தேன். நாலாம் நாள் வந்தது அவர் இல்லை, மகள்.

சத்தமாக, தெளிவாகப் பேசுகிற பெண். போன வருடப் போஸ்டரின் படத்தைக் கைபேசியில் முதலாளியிடம் காட்டினாள். இந்த வருடமும் அதே வரிதான் வேண்டும், இதைவிடப் பெரிய எழுத்தில் வேண்டும், பண்ருட்டியில் தங்கள் தெரு முழுக்க ஒட்ட வேண்டும் என்றாள். முதலாளி தடுப்பு வழியாக எட்டிப் பார்த்து, பழைய ஃபைலைத் திற என்று சொல்லிவிட்டுப் பேப்பர் கணக்குப் பார்க்கப் போனார்.

ஃபைலைத் திறந்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். கேட்கிறவளுக்கு மறுக்க எனக்கு என்ன உரிமை என்பது இன்னொரு பக்கம். ஃபைல் அழிந்துவிட்டது என்று சொல்லலாம். அவள் கைபேசியில் படம் இருக்கிறது. அம்மா சொன்னதைச் சொல்லலாம். அது நான் சொல்ல வேண்டியது இல்லை. யோசித்துப் பார்த்ததில், சொல்வதற்கு என்னுடையது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எழுந்து தடுப்புக்கு வெளியே போனேன். மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த வரிய எழுதுனது நான்தாம்மா. யாரும் எனக்குச் சொல்லல. தேர்ல வேற யாரோ கொழந்தைங்களத் தூக்கினு நின்னதப் பாத்துட்டு நானா எழுதுனது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சிரித்தாள். "இல்ல மேடம், நெஜமாவே நடந்துது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஞாபகத்தில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். நாம் கட்டுகிற வரி வழவழவென்று வரும், அதில் தேர் இருக்கும், அப்பா இருப்பார், அழகாக இருக்கும். நடந்ததில் மட்டும்தான் தேவையில்லாத ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கேட்டேன்.

"தேர உடும்மா. உன் கால் எங்க இருந்துது?"

அவளுக்குக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் யோசித்தாள். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கால் ரெண்டும் முன்னாடி. கணுக்கால கெட்டியா புடிச்சிருந்தாங்க. கை சொரசொரன்னு இருக்கும். நான் ஆடுனேன்னா…" கை தன் கணுக்காலுக்குப் போனது. "வளையல் குத்தும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

மெஷின்காரர் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த உருளையைத் துடைக்கத் தொடங்கினார். அவள் கணுக்காலைப் பிடித்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா இங்க வந்தாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"அத உங்கம்மாவக் கேளும்மா" என்றேன். அது பொய்யும் இல்லை, வாக்கை முழுதாகக் காப்பாற்றியதும் இல்லை. அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பிறகு அவள் மெதுவாக, அப்படியானால் அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது, தன்னிடம் ஒன்றுமே இல்லையே என்றாள். அந்தக் குரலில்தான் அவள் அம்மா பயந்தது எனக்குப் புரிந்தது. நானும் பக்கத்திலிருந்த கட்டின் மேல் உட்கார்ந்தேன். நல்லதாக எதுவும் சொல்ல வேண்டாம், அப்பா என்றதும் எது வருகிறதோ அது போதும் என்றேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னாள். "ஹாரன். பண்ருட்டி வழியா லோடு போனா எறங்க முடியாது. எங்க தெரு முனையில ரெண்டு ஹாரன் அடிச்சிட்டுப் போவாரு. நான் ஓடுவேன். போயிப் பாத்தா வண்டி இருக்காது. பொகதான் இருக்கும்."

உள்ளே போய் மானிட்டரை அணைத்துவிட்டு அடித்தேன். என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. அவள் சொன்னதை எழுத்துத் தமிழுக்கு மாற்றியதோடு சரி.

நிற்க நேரமில்லாத அப்பா,
தெரு முனையில் இரண்டு ஹாரன் அடிப்பீர்கள்.
இப்போதும் ஓடி வருகிறேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "அஞ்சலியில ஹாரனா? சிரிப்பாங்க" என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, "சிரிக்கட்டும் சார், எங்கப்பா ஹாரன்தான்" என்றாள். அச்சுக்குப் போனது.

மூன்றாம் நாள் போஸ்டர் கட்டை வாங்க வந்தது அம்மாவும் மகளும் சேர்ந்து. இருவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மகள் அம்மாவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டியிருந்தாள். கட்டுக்குள்ளிருந்து ஒரு போஸ்டரை உருவி அம்மாவிடம் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார். மகள் ஆட்டோ பிடிக்க வெளியே போன பிறகு தடுப்புக்குப் பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை நான் எழுந்து நின்றேன்.

"நல்லா இருக்கும்மா" என்றார். போஸ்டரை மடித்தபடி இன்னும் கொஞ்சம் நின்றார்.

"ஆனா ரெண்டு இல்ல. மூணு. ரெண்டு அவளுக்கு. அவ ஓடிப்போயி பாத்துட்டுத் திரும்புவா பாருங்க, அதுக்குள்ள வண்டி ரயில்வே கேட்டாண்ட போயிருக்கும். அங்கருந்து ஒண்ணு அடிப்பாரு. அது எனக்கு."

நான் பதறிவிட்டேன். மாற்றிவிடலாம், ஒரு வார்த்தைதான், இன்றே மறுபடி அடித்துத் தருகிறோம் என்றேன். மெஷின்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தாளை எடுத்து வைக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கறுத்த விரலால் போஸ்டரின் மடிப்பை நீவினார்.

"இருக்கட்டும்மா. அது செவுத்துல வேணாம்."

நீங்கள் மூன்று பேரும் என்னைவிட வேகமாக எழுதுகிறீர்கள். உங்களில் ஒருவர் நேற்று, தடுப்பை எடுத்துவிட்டால் இடம் தாராளமாக இருக்கும் என்று முதலாளியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எடுத்துவிடுங்கள். வருகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். அவர்கள் சொல்லச் சொல்ல உங்கள் மூளை முந்திக்கொண்டு ஒரு அழகான வரியை நீட்டும். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, மூன்றாவது ஹாரனுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள். அது போஸ்டரில் வராமல் போகலாம். ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மற்ற இரண்டையும் எழுதுங்கள்.